பெட்டி பாடிய தோடி

சங்கீதம் தெரிந்தவர்கள் இனிமையானவர்களாக இருப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பித்தான் நான் அந்த வீட்டில் அறை எடுத்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டி, பலாலி வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே போக வேண்டும். கம்பஸுக்கு நடந்தே போகலாம். வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜர். மனைவி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர். பிள்ளைகள் இல்லை. "அமைதியான வீடு தம்பி, நல்லாப் படிக்கலாம்" என்று அறை பிடித்துத் தந்தவர் சொன்னார். அமைதி என்பதில் பொய் இல்லை. அந்தச் சங்கீத ரீச்சருக்குக் குரல் இல்லை என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கழுத்தில் வந்த கழலையை வெட்டி எடுத்தபோது குரல் நரம்பும் கூடவே போய்விட்டதாம். அப்படி நடக்கலாம் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்திருக்கிறார். "குரலோ உயிரோ எண்டு கேட்டவர். இவை எல்லாரும் கூடி உயிர் எண்டு சொல்லிப்போட்டினம். என்னட்டைக் கேட்டிருந்தா நான் கொஞ்சம் யோசிச்சிருப்பன்" என்று ரீச்சர் எனக்குச் சொன்னது அறைக்கு வந்த முதல் கிழமையில்.

சொன்னது என்றால், காற்றாகச் சொன்னது. அவர் பேசினால் மூச்சுத்தான் வரும். கிட்டப் போய்க் குனிந்தால்தான் சொல் விளங்கும். குனிந்தவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏச்சாக இருக்கும். நான் முதன்முதல் குனிந்தபோது கிடைத்தது இது: "உம்மடை சைக்கிள் பெடல் கிறீச்சிடுது. கரியரும் கிறீச்சிடுது. ரெண்டும் ரெண்டு சுருதி. ஒண்டுக்கெண்டாலும் எண்ணெய் விடும்."

"ரெண்டுக்கும் விடுறன் ரீச்சர்."

"அது உம்மடை விருப்பம்" என்றார். முகத்தில் சிரிப்பென்று ஒன்றும் இல்லை.

பிழையான சுரம் ஒன்று தன் காதைக் கடந்து போவதை அவரால் தாங்க முடியாது. அதுதான் அவர். மிச்சமெல்லாம், நிறம், உயரம், கட்டிய சீலை எல்லாம், எனக்கு மங்கிப் போய்விட்டன. கிணற்றடியில் கணவர் பாடிக்கொண்டு குளித்தால் குசினியிலிருந்து சிரட்டை ஒன்று பறந்து போய் வாளியில் விழும். கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர். சிரட்டை விழுந்ததும் பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் ஊற்றுவார். அடுத்த நாளும் பாடுவார்.

குரல் போனபின் பள்ளிக்கூடத்தில் அவரைச் சங்கீத அறையிலிருந்து எடுத்து நூலகத்தில் இருத்தினார்கள். வேலையைப் பறிக்கவில்லை, சம்பளத்தைக் குறைக்கவில்லை, அலுமாரிச் சாவியைக் கையில் கொடுத்து, "ஆறுதலா இருங்கோ ரீச்சர்" என்றார் அதிபர். அந்த ஆறுதல் ரீச்சருக்கு ஒத்துவரவில்லை. நூலகத்துக்கு நேர் எதிரே சங்கீத அறை. அங்கே புதிதாக வந்த சின்ன ரீச்சர் ஒருத்தி படிப்பித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எங்கேயாவது சுருதி விலகிப் பாடினால், ரீச்சர் கோடு போடும் அடிமட்டத்தோடு முற்றத்தைக் கடந்து வந்து சங்கீத அறை யன்னலில் மூன்று தரம் தட்டுவார். உள்ளே பாட்டு நிற்கும். சின்ன ரீச்சரின் முகம் சிவக்கும். ரீச்சர் கையை மேலே உயர்த்தி, இன்னும் மேலே என்று காட்டுவார். சரியான இடம் வரும்வரை யன்னலை விட்டு அசைய மாட்டார். அந்தச் சின்ன ரீச்சர் ஒரு நாள் நூலகத்துக்குள் வந்து அழுதாளாம். "அழுகிறதையாவது ஒரு சுருதியிலை அழும்" என்று சொல்லி அனுப்பியதாக ரீச்சரே எனக்குச் சொன்னார். அதில் அவருக்கு வெட்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதைவிட மோசமான கதை ஒன்று ஊரில் இருந்தது. அவருடைய தாயின் செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும் நேரம், உலக்கை போட்டுக்கொண்டிருந்த இனசனமெல்லாம் விம்மிக்கொண்டு நிற்க, திருப்பொற்சுண்ணம் பாடிய பெரியவர் கொஞ்சம் சுருதி இறங்கிவிட்டார். இறந்தவரின் மூத்த மகள், தலைவிரிகோலமாக நின்ற ரீச்சர், அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்து, மேலே மேலே என்று கை காட்டியிருக்கிறார். பெரியவர் திகைத்துப்போய்ப் பாட்டை விட்டுவிட்டார். உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டதாம். "பெத்த தாயின்ரை செத்தவீட்டிலையும் உவவுக்குச் சுருதியாம்" என்று சனம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தது. நான் ஒரு முறை துணிந்து கேட்டேன். "அம்மாவுக்கு அந்தப் பாட்டை அப்பிடிக் கேட்டுப் பழக்கமில்லை" என்றார்.

ஆக, ஊர் அவருக்கு மரியாதை கொடுத்தது, விலகியும் நின்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தன்னை எல்லோரும் நேசிக்கிறார்கள் என்று நினைக்கும் அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. தன்னுடைய காதை நம்புவார்கள் என்று மட்டும் நினைத்தார்.

அது இந்திய இராணுவம் இருந்த காலம். பொழுது சாயமுன் எல்லோரும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். ஜேர்மனியில் இருந்த ரீச்சரின் தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே தட்டச்சுப் பலகை போல ஒரு கொம்பியூட்டர். அதை ரீவியோடு தொடுக்க வேண்டும். விளையாட்டுகள் கசெற்றில் இருக்கும். விளையாடுவதற்கு இரண்டு ஜோய்ஸ்ரிக். கறுப்புத் தடி, தலையில் சிவப்புப் பொத்தான், மேசையில் ஒட்டிக்கொள்ள அடியில் நாலு ரப்பர் கிண்ணம். அக்காவுக்குப் பொழுது போகட்டும் என்று தம்பி சொல்லிவிட்டாராம்.

"என்ரை பொழுது போகேல்லை எண்டு ஆர் அவனுக்குச் சொன்னது?" என்றார் ரீச்சர். பெட்டியைத் தொடவில்லை.

தொட்டது அண்ணைதான். வானத்திலிருந்து இறங்கிவரும் தட்டுகளைச் சுட்டு விழுத்தும் விளையாட்டு ஒன்று அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. வேலையால் வந்து கால் கழுவியதும் ரீவிக்கு முன்னால் குந்திவிடுவார். "றோட்டிலை சுடுறது காணாதெண்டு இவர் வீட்டுக்கையும் சுடுறார்" என்று ரீச்சர் என் காதில் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போவார்.

ஒரு நாள் பின்னேரம் விளையாட்டில் அண்ணையின் விண்கப்பல் ஒன்று அடிபட்டு விழுந்தது. விழும்போது உச்சத்திலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வரும் ஒரு சத்தம். எனக்கு அது வெறும் சத்தம். ரீச்சர் அகப்பையோடு ஓடி வந்தார்.

"இஞ்சாருங்கோ, உதை இன்னொருக்கா விழுத்துங்கோ."

"என்னத்தை?"

"கப்பலை. விழுத்துங்கோ."

அண்ணை விசுவாசமாக மூன்று கப்பல்களைப் பலி கொடுத்தார். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேல் சட்சத்திலை இருந்து பஞ்சமத்துக்கு வழுக்கி வருது. இடையிலை ஒரு இடமும் விடேல்லை. ஆர்மோனியத்துக்கு உது ஏலாது தம்பி, அதுக்குப் படிதான் இருக்கு. உந்தச் சத்தத்தை நாங்கள் நினைச்ச இடத்திலை நிப்பாட்டேலுமோ?"

நான் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தவன். கம்பஸில் கொஞ்சம் புரோகிராம் எழுதப் பழகியிருந்தேன். பெட்டியோடு வந்த கைநூலில் ஒலி எழுப்பும் விதம் இருந்தது. பார்க்கிறேன் என்றேன்.

செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஒலி வரும், விட்டால் நிற்கும். தடியை வலப்பக்கம் தள்ளினால் சுரம் ஏறும், இடப்பக்கம் தள்ளினால் இறங்கும், மூலைப்பக்கமாகத் தள்ளினால் விரைவாக ஓடும், தள்ளுவதை விட்டால் வந்த இடத்தில் நிற்கும். அடியில் சுருதி தானாக ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது தடி சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். அவ்வளவுதான். எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குப் பெட்டியில் எந்தக் குறியும் இல்லை. சட்சம் எங்கே, காந்தாரம் எங்கே என்று அதற்குத் தெரியாது. காது வைத்திருப்பவர்தான் நிறுத்த வேண்டும். நான் பரீட்சித்துப் பார்ப்பதற்காக, சுரம் ஏற ஏற ரீவியில் ஒரு வெள்ளைப் புள்ளி மேலே போகும்படி வைத்திருந்தேன். ரீச்சர் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

முதல் நாள் கேட்டுவிட்டு, "உதிலை படி கேக்குது" என்றார்.

"இல்லை ரீச்சர், சின்னச் சின்னதாத்தான் ஏறுது. ஆருக்கும் கேக்காது."

"எனக்குக் கேக்குது."

படிகளை இன்னும் சிறிதாக்கினேன். பிறகு வேகம் காணாது என்றார். தடியின் உள்ளே இருந்த இறுக்கம் கூடாது என்றார், கழற்றித் தளர்த்திக் கொடுத்தேன். பொத்தான் டிக்கென்று கேட்பது காதில் குத்துகிறது என்றார், அதற்குக் கீழே சைக்கிள் ரியூப் துண்டு ஒன்று வெட்டி வைத்தேன். என் கம்பஸ் பரீட்சை எல்லாம் இதற்குள் நாசமாகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை.

பிறகு பழகினார். தோசைக்கல்லு அடுப்பில் இருக்க, ஒரு கை தடியில் இருக்கும். பெருவிரல் கொப்புளம் போட்டுக் காய்த்தது. ஆரம்பத்தில் அது ஒரு கொடுமை. கிணற்றுக்குள் பூனை விழுந்துவிட்டதோ என்று பக்கத்து வீட்டார் மதிலால் எட்டிப் பார்த்தார்கள். "நான் எப்ப சுடுறது?" என்று அண்ணை பரிதாபமாகக் கேட்டார். ரீச்சர் தடியை விடவில்லை.

மழைக்காலம் போய்ப் பனங்காய் விழும் காலம் வந்தது. ஒரு பின்னேரம் நான் கம்பஸால் வந்து சைக்கிளை மதிலில் சாத்தும்போது உள்ளே தோடி கேட்டது. எனக்குச் சங்கீதம் தெரியாது. கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரக்காரர்கள் ஊதிக் கேட்டதால் தோடி என்று மட்டும் தெரியும். சத்தம் பெட்டியின் சத்தம்தான், தேனீ இரைவது போல. ஆனால் அது நடந்த விதம், ஒரு சுரத்தைத் தொடாமல் தொட்டு, அசைந்து, இழுத்து, மனமில்லாமல் கீழே இறங்கி வந்த விதம் பெட்டியினுடையது அல்ல. அண்ணை வாசலில் தோளில் துவாயோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை.

"தம்பி, இது அவவின்ரை குரல்" என்றார். "சத்தத்தை விடும். அந்த இழுப்பைக் கேளும். எங்கடை கலியாணத்துக்கு முதல், கோயிலிலை பாடேக்கை இப்பிடித்தான் இழுத்தவ. அதைக் கேட்டுத்தான் நான் வீட்டிலை போய்ச் சொன்னனான்."

அவர் அழுதார். நானும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது. உள்ளே போனபோது ரீச்சர் தடியை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது இழுப்பு கனத்துப் போச்சு" என்றார்.

அடுத்த நாளே அதிபரிடம் போனார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார், அவர் சொல்வது கேட்காவிட்டால் நான் திருப்பிச் சொல்வதற்கு. அதிபர் நல்ல மனிதர்தான். ரீச்சரைக் கண்டால் தலையைச் சரித்துக் காதைக் கொடுப்பார். அந்தச் சரிந்த தலையில் ஒரு இரக்கம் இருக்கும். ரீச்சர் கேட்டது இரண்டு. நவராத்திரிக்கு வரும் வாணி விழாவில் பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். வாசிப்பு சரிவந்தால், தன்னைத் திரும்பவும் சங்கீத அறைக்கு விட வேண்டும். பாட முடியாவிட்டாலும் இதை வாசித்துக் காட்டிப் படிப்பிக்கலாம், பிள்ளைகள் கேட்டுப் பிடித்துக்கொள்வார்கள்.

"பாப்பம் ரீச்சர், பாப்பம்" என்றார் அதிபர். திரும்பி வரும்போது ரீச்சர் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வீடு வரைக்கும் நடந்தார், நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. வழியில் ஒருவரையும் திருத்தவில்லை.

பின்னாளில் விசாரித்தவர்கள் எல்லோரும், "கரண்ட் இல்லாமல் போனபடியால்தான் ரீச்சர் உந்த வாசிப்பை விட்டவ" என்றார்கள். தொண்ணூறில் குடாநாட்டுக்கு மின்சாரம் ஒரேயடியாக நின்றது உண்மை. ஆனால் அவர் அதற்கு முதலே விட்டுவிட்டார். யுத்தத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடுவது எங்கள் சனத்துக்கு வசதியாக இருக்கிறது.

வாணி விழா அன்று ரீவியையும் பெட்டியையும் சாக்கில் சுற்றி லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் இருந்த காவல் சென்றியில் நிறுத்திய ஆமிக்காரன் ஒருவன் ஜோய்ஸ்ரிக்கை எடுத்து ஆட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தந்தான். மண்டபத்தில் கும்பம் வைத்து, அவல் கடலை படைத்து, பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சட்டையில் நிலத்தில் இருந்தார்கள். கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் பிரதம விருந்தினராக வந்திருந்தார். ரீச்சர் ஊதாக் கரை போட்ட பட்டுச் சீலை கட்டியிருந்தார்.

ரீவியை மேடை நடுவில் ஒரு குட்டை மேசையில் வைத்தோம். ரீச்சர் அதற்கு முன்னால் பாயில் இருக்கப் போனார். அதிபர் ஓடிவந்து, "ரீச்சர், நீங்கள் உதிலை இருந்தா ரீவி மறைக்கும். கொஞ்சம் பின்னாலை இருங்கோவன்" என்றார். ரீச்சர் மேசைக்குப் பின்னால், ஒரு பக்கமாகப் போய் இருந்தார். இரண்டு தடியும் மடியில். முன்னால் இருந்தவர்களுக்கு அவருடைய தலை மட்டும் தெரிந்தது.

வாசித்தார். என்னிடம் அதற்குச் சொற்கள் இல்லை. வீட்டில் கேட்டதைவிட நூறு மடங்கு. கனத்துப் போச்சு என்று சொன்ன அந்த இரண்டாவது இழுப்பு இறகு மாதிரி வந்து இறங்கியது. மண்டபத்தில் ஒரு இருமல் இல்லை. ஆனால் நான் சனத்தின் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் ரீவியில் ஏறி இறங்கிய வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் கைதட்டல் நிற்கவில்லை. அதிபர் மைக்கைப் பிடித்தார். "எங்கடை பள்ளிக்கூடத்திலை முதன்முதலாக ஒரு கணனி தோடி ராகம் பாடியிருக்கு. என்ன ஒரு விஞ்ஞான வளர்ச்சி! இதை எங்களுக்கு அனுப்பி வைச்ச, ஜேர்மனியிலை இருக்கிற எங்கடை ரீச்சரின்ரை தம்பிக்கு நன்றி. இதுக்குத் தோடியைப் படிப்பிச்ச இந்தப் பல்கலைக்கழக மாணவனுக்குப் பொன்னாடை போர்த்துவம்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். "சேர், பெட்டி பாடேல்லை. ரீச்சர்தான் வாசிச்சவ. கையாலை வாசிச்சவ."

"ஓம் தம்பி, ஓம்" என்று அவர் என் தோளைத் தட்டினார். "தன்னடக்கம் நல்லதுதான்." பொன்னாடை என் தோளில் விழுந்தது. விருந்தினர் பெரியவர், "எத்தினை ராகம் போட்டு வைச்சிருக்கிறீர் தம்பி உதுக்குள்ளை?" என்று கேட்டார்.

ரீச்சர் எழும்பி வந்து மைக்கைக் கேட்டு வாங்கினார். வாயோடு வைத்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு விளங்கியது: "நான் வாசிச்சனான்." ஸ்பீக்கரில் ஊவென்று ஒரு காற்றுத்தான் வந்தது, பிறகு கீயென்று ஒரு இரைச்சல். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிபர் மெதுவாக மைக்கை வாங்கினார். "ரீச்சருக்குச் சந்தோஷத்திலை கதைக்க வரேல்லை" என்றார். சனம் அதற்கும் கைதட்டியது.

ரீச்சர் சின்ன ரீச்சரைத் திரும்பிப் பார்த்தார். அவள் பிள்ளைகளோடு முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அந்த மண்டபத்தில் அவளுக்கு மட்டும் தெரியும். ஒரு மிசின் அப்படி வாசிக்காது என்று கண்டுகொள்ளும் காது அவளுக்கு இருந்தது, அந்தக் காதைத் திறந்துவிட்டதே யன்னலில் விழுந்த அந்த அடிமட்டம்தான். அவள் ஒரு சொல் சொன்னால் போதும். அவள் குனிந்து தன் சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அவளை இன்றைக்கும் என்னால் முழுதாகத் திட்ட முடியவில்லை.

ரீச்சர் இன்னொரு தரம் வாசிக்கப் போவதாகக் கையால் காட்டினார். எல்லோரும் ஆவலாக நிமிர்ந்து இருந்தார்கள். இந்த முறை மேசைக்கு முன்னால் வந்து, தடியை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே தோடி. அதே தொடக்கம். நாலைந்து சுரம் போயிருக்கும். தடியை ஒரேயடியாக மூலைக்குத் தள்ளினார்.

சுரம் தன் இடத்தைத் தாண்டி மேலே போய், எந்தச் சுரமும் இல்லாத இடத்தில் நின்றது. அவர் தடியைத் தள்ளுவதை விட்டார், பொத்தானை விடவில்லை. அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு சனத்தைப் பார்த்தார். பிறகு இழுத்துக் கீழே கொண்டுவந்து இன்னொரு பிழையான இடத்தில் நிறுத்தினார். என் கையைப் பார், நான் தள்ளினால்தான் போகிறது, பிழையும் என்னுடையதுதான், அப்படியென்றால் சரியும் என்னுடையதுதான் என்று காட்டத்தான். எனக்கு அது உடனே விளங்கியது. தாயின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றும் விட்டுக்கொடுக்காத ஒன்றை அந்த மனிசி முந்நூறு பேருக்கு முன்னால் தன் கையாலேயே உடைத்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. வாசிப்பதை விடவில்லை.

சனம் நெளிந்தது. "பிழைச்சுப் போச்சு" என்றது ஒரு குரல். "கரண்ட் கூடிக் குறையுது, அதுதான்" என்றார் இன்னொருவர். அதிபர் பதறிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். புள்ளி சுருங்கி மறைந்தது. ரீச்சர் தடியைப் பிடித்தபடியே நின்றார்.

"அழாதேங்கோ ரீச்சர்" என்றார் அதிபர். "மிசின் தானே. நல்ல காலம் முதல் தரம் வடிவாப் பாடிச்சுது. அது காணும்."

வீட்டுக்கு வந்து ரீச்சர் சீலையை மாற்றிக்கொண்டு சமைத்தார். நான் பொன்னாடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலுக்குக் கீழே எறிந்தேன். அண்ணை சாக்கை அவிழ்த்து ரீவியைப் பழைய இடத்தில் வைத்தார்.

இரண்டு கிழமை கழித்து அதிபர் வீட்டுக்கு வந்தார். பலகாரம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் யோசித்துப் பார்த்தாராம். ரீச்சர் கேட்டது நியாயம்தானாம்.

"உந்தக் கணனியைச் சங்கீத அறையிலை வைப்பம் ரீச்சர். ரீவி ஒண்டை நான் ஒழுங்குபடுத்துறன். பிள்ளையள் கேட்டுப் படிக்கட்டும். நீங்கள் வந்து கஷ்டப்பட வேண்டாம். நீங்கள் உங்கடை பாட்டுக்கு நூலகத்திலை ஆறுதலா இருங்கோ. சின்ன ரீச்சர் பாத்துக்கொள்ளுவா."

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். ரீச்சர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போனார். பெட்டியையும் நான் புரோகிராம் பதிந்த கசெற்றையும் வயர்களையும் இரண்டு தடிகளையும் ஒரு படுக்கை விரிப்பில் கட்டிக் கொண்டுவந்து அதிபரின் கையில் வைத்தார்.

"எது ரீச்சர் பாடுற பொத்தான்?" என்று அதிபர் கேட்டார்.

ரீச்சர் விரிப்புக்குள் கையை விட்டுத் தடியை எடுத்துக் காட்டினார். "இந்தச் சிவப்பு" என்றார். அதிபர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, அந்த விரிப்புக் கட்டைக் காரில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் கொண்டுபோன மூன்றாம் கிழமை கட்டு திரும்பி வந்தது. அதிபர் வாசலோடு நின்றுகொண்டார்.

"குறை நினைக்காதேங்கோ ரீச்சர். சிவப்புப் பொத்தானை அமத்தினா ஒரே கூவலாக் கூவுது. பாட்டு வரேல்லை. பிள்ளையள் எல்லாரும் அமத்திப் பாத்துதுகள், சின்ன ரீச்சரும் அமத்திப் பாத்தவ. கொண்டு போகேக்கை எங்கையோ அடிபட்டிருக்கு. பழுதாப் போச்சுப் போலை. நீங்கள் தம்பியிட்டைச் சொல்லி அங்கை திருத்தேலுமோ எண்டு கேளுங்கோ."

"சேர், அது பழுதாகேல்லை" என்று தொடங்கினேன். ரீச்சர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். சரி, இப்போது இவருக்கு ஏச்சு இருக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு நாளும் தேக்கி வைத்ததெல்லாம் இந்த மனிதரின் காதுக்குள் இறங்கப் போகிறது. அதிபரும் பழக்கத்தில் தலையைச் சரித்துக் காதைக் கொடுத்தார். ரீச்சர் கிட்டப் போனார்.

"ஓம் சேர்" என்றார். "பழுதாத்தான் போச்சுது."

கட்டை வாங்கிக்கொண்டு, அவருக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.